மேடையில் என்ன கதைப்பாரோ

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நான் சொன்ன ஒரு வாக்கியம் இன்னமும் என் காதை விட்டு இறங்கவில்லை. ஆண்டுதோறும் நான்கைந்து கலைஞர்களை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, பாராட்டுமடல் வாசித்துக் கௌரவிக்கும் சிறிய அமைப்பு ஒன்று எங்கள் திருகோணமலையில் இருக்கிறது. அதன் தெரிவுக்குழுவில் அந்த ஆண்டு என்னையும் சேர்த்திருந்தார்கள். மூன்று பேர், ஒரு மேசை, ஆளுக்கொரு பிளேன்ரீ, நடுவில் விண்ணப்பங்கள் அடங்கிய கோப்பு. நான்கு பெயர்கள் சிரமமின்றி முடிவாகிவிட்டன. ஐந்தாவது இடத்துக்கு, குழுவில் இளையவரான ஆசிரியர், கோயில் வாகனங்கள் செய்கிற, பழுது பார்க்கிற ஒருவரின் பெயரைச் சொன்னார். அந்தக் கையில் இருக்கிற வித்தையைப் பற்றி எங்கள் மூவருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. நான்தான் சொன்னேன்: "கூப்பிடலாம். ஆனா மேடையில ஏறி என்ன கதைப்பாரோ தெரியாதே." மற்ற இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அவருடைய பெயர் கோப்பை விட்டு வெளியேறிவிட்டது. ஐந்தாவது பொன்னாடை, எல்லோரோடும் நல்லபடி பழகுகிற, எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்துவிடுகிற ஒரு பாடகருக்குப் போயிற்று. அவர் தகுதியற்றவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய பாட்டைக் கேட்டு நான் ஒருநாளும் சைக்கிளை நிறுத்தியதில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

வாகனக்காரர் என்றே இங்கு மற்றவரைக் குறிப்பிடுகிறேன். நேரில் நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை மாஸ்டர் என்பார். அவரோடு சண்டை பிடிக்காத கோயில் நிர்வாகம் இந்தப் பக்கத்தில் மிகக் குறைவு. ஓரிடத்தில், இடப வாகனத்தின் முகத்துக்குப் பளபளவென்று எனாமல் அடித்துத் தரும்படி தலைவர் கேட்டதற்கு, தூரிகைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர். இன்னோரிடத்தில் உபயகாரரின் பெயரைப் பீடத்தில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னதற்கு, "சாமியைத் தூக்குறதா, உங்களைத் தூக்குறதா?" என்று கேட்டவர். கோட்டைப் பக்கமிருந்து இரவில் இறங்கி வருகிற மான்கள் அவருடைய கொட்டிலுக்குள் புகுந்து மட்டைப் பெட்டிகளைத் தின்றுவிடும் என்பதால் மான்களோடும் அவருக்குப் பகை. ஊரே படம் பிடித்துப் போடுகிற அந்தப் பிராணிகளை அவர் திட்டுகிற திட்டை இங்கே எழுத முடியாது.

எனக்கு அது ஒரு பழைய கவலையாக உறைந்து கிடந்திருக்கும். அதைக் கிளறிவிட்டவள் என் பெறாமகள்.

இருபத்தொன்றும் மூன்றும்

தம்பியின் மகள் உளவியல் படிக்கிறாள். சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது, தன் பாடவேலைக்காகத் தமிழில் பெயர்த்த ஒரு வினாக்கொத்தை என்னிடம் தந்து நிரப்பச் சொன்னாள். படைப்புச் சாதனையை அளப்பதற்காக ஷெல்லி கார்சன், ஜோர்டன் பீற்றர்சன், டானியல் ஹிக்கின்ஸ் என்னும் மூவர் 2005இல் வெளியிட்டது. ஓவியம், இசை, நடனம், எழுத்து, நாடகம், விஞ்ஞானம், சமையல் என்று பத்துத் துறைகள். ஒவ்வொரு துறையிலும் 0 முதல் 7 வரை இலக்கமிட்ட எட்டு வாக்கியங்கள் படிபோல ஏறிச்செல்கின்றன. நமக்குப் பொருந்துகிறவற்றைக் குறித்து, குறித்தவற்றின் இலக்கங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எழுத்துத் துறையில் சிறிய ஆக்கம் ஒன்று எழுதியிருந்தால் 1, பரிசு பெற்றிருந்தால் 2, நூல் அச்சாகி விற்பனைக்கு வந்திருந்தால் 5, உள்ளூர் வெளியீடுகளில் மதிப்புரை வந்திருந்தால் 6, தேசிய அளவில் வந்திருந்தால் 7, அது பலமுறை வந்திருந்தால் அத்தனை ஏழுகள். என்னிடம் இரண்டு கவிதைத் தொகுப்புகள் இருக்கின்றன. அச்சுக்கூலியை நானே கொடுத்தேன் என்பதைக் கேட்கும் கட்டம் அதில் இல்லை. கொழும்பு வாரப்பத்திரிகை ஒன்றில் எப்போதோ வந்த ஒரு மதிப்புரையையும் சேர்த்துக் கூட்டியபோது எனக்கு 21 வந்தது. நானே எதிர்பாராத மரியாதையாக இருந்தது.

பிறகு ஒரு விளையாட்டாக, ஓவியத் துறைப் பக்கத்தை வாகனக்காரருக்காக நிரப்பிப் பார்த்தேன். மாமனிடம் தொழில் பழகினார்: 1. அவருடைய திறமையைப் பற்றி மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள்: 2. அதற்கு மேல் ஏணி வேறு பக்கம் திரும்பிவிட்டது. நடுவர்கள் தெரிவுசெய்த கண்காட்சியில் பரிசு இல்லை. கலைக்கூடத்தில் காட்சி இல்லை. வாகனங்களைச் செய்வதற்கும் பழுதுபார்ப்பதற்கும் கூலி வாங்கினாரே தவிர படைப்பு எதையும் அவர் விற்கவில்லை. எந்தப் பத்திரிகையும் அவரைப் பற்றி எழுதவில்லை. மொத்தம் 3.

"இது என்ன அளவுகோல் பிள்ளை?" என்று கேட்டேன். "பெரியப்பா, சாதனை எண்டா மற்றாக்கள் ஒத்துக்கொண்ட சாதனை எண்டுதான் அவை எடுத்துக்கொள்ளினம். ஒளிச்சுவச்ச திறமையை எப்பிடி அளக்கிறது?" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. படைப்பாற்றல் என்பது ஒருவருடைய தலைக்குள் மட்டும் நடக்கிற காரியமன்று, அந்தத் துறையின் மரபும், அதில் எது புதிது, எது பெறுமதியானது என்று தீர்ப்புச் சொல்கிற ஆட்களும் சேர்ந்ததே அது என்று உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி வாதிட்டதையும் அவளே எடுத்துச் சொன்னாள். அப்படியானால் அன்று பிளேன்ரீயோடு உட்கார்ந்திருந்த நாங்கள் மூவரும் வெறும் பார்வையாளர்கள் அல்லர்; அந்த மனிதரின் சாதனையில் ஒரு பங்கு எங்கள் மேசையில்தான் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. வித்தை மட்டும் அவருடைய கொட்டிலிலேயே இருந்துகொண்டது.

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல் பிடிபட்டது. எந்தக் குணமுள்ளவர்கள் படைப்பில் சாதிக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள், புதிய அனுபவத்துக்கும் எண்ணத்துக்கும் மனத்தைத் திறந்து வைத்திருத்தலே அந்தச் சாதனையோடு உறுதியாக ஒட்டி வருகிற குணம் என்கிறார்கள். 1998இல் கிரெகரி ஃபைஸ்ற், அதுவரை வந்த பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்து, படைப்பாளிகளிடம் தன்னிச்சையும் தன்னம்பிக்கையும் வழமைகளைச் சந்தேகிக்கிற இயல்பும் உந்துதலும் கூடவே பகைமையும் சற்று மிகுந்திருப்பதாக எழுதினார். பகைமை என்ற சொல்லை ஒரு பட்டியலில் அவ்வளவு சாதாரணமாகக் கண்டபோது, எனக்கு மான் திட்டு வாங்கிய இரவுகள் ஞாபகத்துக்கு வந்தன. ஆனால் சாதித்தவர் யார் என்று பொறுக்குகிற சல்லடையே பிறருடைய அங்கீகாரமாக இருக்கும்போது, சல்லடையில் தங்கியவர்களின் குணத்தைத்தானே நாம் படைப்பாளியின் குணம் என்கிறோம்? ஒரு பொருளைச் செய்து முடிக்க வேண்டிய சுபாவம் ஒன்று. அதைப் பிறர் கண்ணில் படவைத்து, அவர்கள் முகம் கோணாமல் வாங்கவைக்கிற சுபாவம் வேறொன்று. இரண்டும் ஒரே உடம்பில் குடியிருப்பது அபூர்வம். இந்த எண்ணத்தோடுதான் நான் என்னுடைய பழைய கோப்புகளைத் தேடிப்போனேன்.

மடல்களின் சொற்கள்

எங்கள் அமைப்புக்குப் பாராட்டுமடல் எழுதிக் கொடுக்கிற வேலை பன்னிரண்டு ஆண்டுகளாக என்னுடையது. ஒவ்வொன்றின் கைப்பிரதியையும் வைத்திருக்கிறேன். அவற்றை வரிசையாக மேசையில் பரப்பிவைத்து, பெறாமகள் காட்டிய இன்னோர் ஆய்வைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். 1950களின் இறுதியில் கலிபோர்னியாவின் பேர்க்லியில் டொனல்ட் மக்கினன் என்பவர், துறைவல்லோர் பெயர் சொன்ன கட்டடக் கலைஞர்கள் 40 பேரை வரவழைத்துச் சோதித்தார். லூயி கான், ஏரோ சாரினன், பிலிப் ஜோன்சன் போன்ற பெரிய தலைகளும் வந்தவர்களுள் அடக்கம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, அவர்களோடு சேர்ந்து வேலைசெய்த அனுபவமுள்ள 43 பேரும், அப்படி எந்தத் தொடர்பும் இல்லாத சாதாரண கட்டடக் கலைஞர்கள் 41 பேரும். தம்மை வருணிக்கப் பொருந்தும் சொற்களைத் தெரிவுசெய்யச் சொன்னபோது, முதல் குழுவினர் தாங்கள் புதிது காண்கிறவர்கள், தீர்மானமானவர்கள், எவருக்கும் கட்டுப்படாதவர்கள், ஊக்கமும் உழைப்பும் உள்ளவர்கள் என்றார்கள். மூன்றாம் குழுவினர் தெரிந்தெடுத்த சொற்கள் வேறு: பொறுப்பானவர், நேர்மையானவர், நம்பத்தகுந்தவர், சகிப்புள்ளவர், பிறரைப் புரிந்துகொள்பவர், நல்லியல்பினர்.

என் பன்னிரண்டு ஆண்டு மடல்களை எடுத்து வாசித்தேன். பண்பாளர். பணிவின் உறைவிடம். யாவர்க்கும் இனியவர். சொன்ன சொல் தவறாதவர். சிரித்த முகத்தினர். ஒரு மிருதங்கக் கலைஞரைப் பற்றி இருபத்திரண்டு வரி எழுதியிருந்தேன். அவருடைய விரலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் வாழ்த்தியவர்கள் எல்லோரும் மக்கினனின் மூன்றாம் குழுவில் நேராகப் போய் அமரக்கூடியவர்களாக இருந்தார்கள், அல்லது நான் அப்படி எழுதி அமர்த்தியிருந்தேன். பிடிவாதக்காரர் என்றோ ஒத்துப்போகாதவர் என்றோ ஒரு மடலிலும் இல்லை. மேடையில் அது வசையாகக் கேட்கும். கௌரவிப்பு என்று நாங்கள் நடத்திக்கொண்டிருந்தது நல்ல சுபாவத்துக்கான பரிசளிப்பு என்றும், கலை அதில் கலந்துகொள்ள அனுமதிக்கப்பட்டிருந்தது என்றும் அன்றுதான் எனக்குத் தோன்றியது. எனக்கும் அதே அமைப்பு அதற்கு முன்னரே ஒருமுறை பொன்னாடை போர்த்தியிருந்தது. எதற்காக என்பதை இப்போது நான் கொஞ்சம் தெளிவாகவே அறிவேன்: நான் எவரோடும் முரண்படுகிறவன் அல்லன். என் கவிதைகளும் அப்படித்தான்.

ஆனால் இதை ஒரேயடியாகத் திருப்பிப் போட்டு, சண்டைக்காரரெல்லாம் மேதைகள் என்று சொல்லவும் நான் தயாரில்லை. ஒரு வாகனத்துக்கு ஒரு பூச்சுக்கூடப் பூசத் தெரியாமல் வெறுமனே எரிந்து விழுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப்பேர் ஏதாவதொரு நிர்வாக சபையில் இருக்கிறார்கள். பேர்க்லிக்கு வந்த அந்த நாற்பது பேரும் பிடிவாதக்காரர்களாக இருந்தும் பெயர் பெற்றவர்கள். கட்டடம் தெருவில் நிற்கிறது, போவோர் வருவோர் பார்க்கிறார்கள், கட்டியவரோடு கதைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. வாகனமோ ஆண்டில் ஒருநாள், பூமாலைக்கும் பட்டுக்கும் அடியில், சுவாமியின் காலின்கீழ் வெளியே வருகிறது. அந்த ஒருநாளும் எவரும் குதிரையைப் பார்த்துக் கும்பிடுவதில்லை.

ஊர் பெற்ற சண்டைக்காரர்

இந்த விடயத்தில் திருகோணமலைக்காரர்களுக்குக் கவிஞர் பிரமிளை விட்டுவிட்டுப் பேச வழியில்லை. சிவராமலிங்கம் என்ற இயற்பெயரோடு 1939இல் இங்கே பிறந்த அவர், இருபது வயதைத் தாண்டும்போதே சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழில் எழுதத் தொடங்கி, பின்னர் கடல் கடந்து, தமிழின் நவீன கவிதையில் எவராலும் சுற்றிக்கொண்டு போக முடியாத ஒரு பாறையாக ஆனவர். எண்சோதிடத்தை நம்பித் தன் பெயரையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டவர். அங்கீகாரம் வேண்டுகிற ஒருவர் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் அதுதான் என்று எனக்குப் படுவதுண்டு: வாசகர் ஒரு பெயரை மனத்தில் பதித்துக்கொள்வதற்குள் அடுத்த இதழில் வேறொரு பெயர். சிற்றிதழ் உலகில் அவர் மோதாத ஆள் குறைவு. நேற்று நண்பராக இருந்தவரை இன்று கிழித்து எழுதினார். 1997 சனவரியில் வேலூருக்கு அருகிலுள்ள கரடிக்குடியில் அவர் மறைந்தார். நான் படித்த காலத்தில் எந்த ஆசிரியரும் வகுப்பில் அவருடைய பெயரைச் சொன்னதில்லை. ஆசிரியரானபின் நானும் நீண்டகாலம் சொல்லவில்லை.

அந்தக் கோபத்தைக் கழித்துவிட்டுக் கவிதையை மாத்திரம் வைத்துக்கொள்ளலாமே என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அது இயலுமென்று தோன்றவில்லை. ஒரு சொல் பொய்யாக ஒலித்தால் உடல் எரிகிறவருக்கு, அந்தப் பொய் தன் வரியில் இருந்தாலும் நண்பரின் வரியில் இருந்தாலும் எரியத்தான் செய்யும். தன் வரிக்குச் செய்ததைக் கவிதை என்று கொண்டாடுகிறோம்; நண்பரின் வரிக்குச் செய்ததைக் குணக்கேடு என்கிறோம். ஆயினும் அவருடைய எழுத்து நம் கைக்கு வந்து சேர்ந்தது எப்படி என்பதையும் பார்க்கவேண்டும். கால. சுப்ரமணியம் என்ற ஒருவர் அவற்றைப் பாதுகாத்து, பதிப்பித்து, திரும்பத் திரும்ப வெளியே கொண்டுவந்தார். முற்றிலும் வேறான ஒரு சுபாவத்தின் பொறுமை அது. எமிலி டிக்கின்சன் ஏறத்தாழ 1800 கவிதைகள் எழுதி, வாழ்நாளில் பத்தளவே அச்சில் வர, 1886இல் இறந்தபோது, அவற்றைத் தேடியெடுத்து வெளியே கொண்டுவர முனைந்தவர் அவருடைய தங்கை. தனக்காக வாய் திறக்கத் தெரியாதவருக்கு, அல்லது திறந்தால் கெடுத்துக்கொள்கிறவருக்கு, பக்கத்தில் இன்னொருவர் தேவைப்படுகிறார். எங்கள் ஊர்க்காரரான தி.த. கனகசுந்தரம்பிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புப் பணிக்குத் துணைநின்ற அறிஞர். அவருடைய தம்பி சரவணமுத்துப்பிள்ளை, தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் வெளியிட்டவர். முகப்பில் பெயர் வந்த தம்பியை இலக்கிய வரலாறு ஒரு வரியிலாவது வைத்திருக்கிறது; பிறருடைய முகப்புக்குப் பின்னால் நின்ற அண்ணனை ஆய்வாளர்களே தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே சண்டைக்காரர் மாத்திரம் தவறவிடப்படுகிறார் என்பதும் இல்லை.

கண்ணாடித் துண்டு

இத்தனையையும் படித்தபிறகு, வேட்டைத் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில், அவருடைய கொட்டிலுக்குப் போனேன். அன்று நான் சொன்ன வாக்கியத்தை அவரிடம் சொல்லிவிடுவதென்று தீர்மானித்திருந்தேன். தகரக் கூரையின்கீழ், இரண்டு மரக்குற்றிகளின்மேல் ஒரு குதிரை வாகனம் படுத்திருந்தது. அவர் அதன் கழுத்தருகே குந்தியிருந்து, உடைந்த கண்ணாடித் துண்டொன்றால் பழைய பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "வந்தது நல்லது. இந்த டோர்ச்சைப் பிடியுங்கோ மாஸ்டர். சரிவாப் பிடிக்கோணும், நேரே அடிச்சா ஒண்டும் தெரியாது" என்றார். பிடித்தேன்.

முதலில் வந்தது வெள்ளை எனாமல், சுருள் சுருளாக. அதன்கீழ் ஒரு மஞ்சள். அதன்கீழ் ஒரு பழைய பச்சை கலந்த நீலம், அது பொடியாக உதிர்ந்தது. அதற்குக் கீழே மரம். கண்ணாடியை அவர் எப்போதும் தன்பக்கம் இழுத்தார், தள்ளவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் விரல்முனையால் தடவிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் என் கையகல இடம் வெளிப்பட்டது. பிடரிமயிரின் ஒவ்வொரு கற்றையும் உளியால் தனித்தனியே இழுக்கப்பட்டு, காதை நெருங்கும் இடத்தில் காற்றுக்கு எதிரே ஓடுகிற குதிரையில் மடங்குவதுபோலப் பின்னோக்கி மடங்கியிருந்தது. நாற்பது ஆண்டுகளாக நான் அந்தக் குதிரையைத் திருவிழாவில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிடரியே இல்லை, வெள்ளையாக ஒரு புடைப்புத்தான் என்று நினைத்திருந்தேன். என் விரலைப் பிடித்து அந்தக் கோடுகளின்மேல் வைத்தார். "இதைச் செய்தவன் ஆர் எண்டு எனக்கும் தெரியாது. ஆனா இடக்கைக்காரன். உளி விழுந்திருக்கிற பக்கத்தைப் பாருங்கோ."

முழுதும் சுரண்ட எவ்வளவு நாள் செல்லும் என்று கேட்டேன். பத்து நாள் என்றார். அதற்குக் கூலி பேசியிருக்கிறாரா என்றேன். "பூச்சடிக்கத்தான் பேசினவை. சுரண்டச் சொல்லேல்ல. சுரண்டினது தெரிஞ்சா பேசுவினம்." பேசட்டும் என்பதுபோலக் கண்ணாடியைத் திரும்ப எடுத்தார். எவருக்கும் வேண்டாத அந்தப் பத்து நாளைத் தன் பிடிவாதத்தைத் தவிர வேறெந்தக் குணத்தைக் கொண்டு ஒரு மனிதர் எடுத்துக்கொள்ள முடியும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். தலைவர் சொன்ன எனாமலுக்கு ஒத்துப்போயிருந்தால் சண்டை இல்லை, பொன்னாடைகூடக் கிடைத்திருக்கும், அந்தப் பிடரி நான்காவது பூச்சின்கீழ் போயிருக்கும்.

பிறகு சொல்லிவிட்டேன். பெயர் வந்தது, நான் இன்னதைச் சொன்னேன், விட்டுவிட்டோம் என்று ஒரே மூச்சில். அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "சரியாத்தான் சொல்லியிருக்கிறீங்கள். ஏத்தியிருந்தா கட்டாயம் ஏதாவது கதைச்சிருப்பன்" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும். இந்த ஆண்டு விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன், கையொப்பம் மட்டும் போட்டால் போதும் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. வெளியே ஏதோ சரசரத்தது. எழுந்துபோய் மானைத் திட்டிவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்தபிறகு, "உங்களுக்குப் போட்ட பொன்னாடை வீட்டில சும்மாதானே கிடக்கு? கொண்டாங்கோ. தூசு துடைக்கத் துணி காணாது" என்றார். பகிடியா இல்லையா என்று அவருடைய முகத்தைப் பார்த்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

மறுநாள் கொண்டுபோனேன், மடிப்புக் கலையாமல், அந்தப் பொலித்தீன் உறையோடேயே. விண்ணப்பப் படிவத்தையும் அடியில் வைத்திருந்தேன். அவர் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, உறையைப் பிரித்து, துணியை விரல்களுக்கிடையில் வைத்து உரசிப் பார்த்தார். கரைப் பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"சரிகை. மரத்தைக் கீறிப்போடும்" என்று சொல்லி, இருந்தபடியே மடித்து என்னிடம் தந்துவிட்டு, டோர்ச்சை எடுத்து நீட்டினார்.